மதுவத்தின் இறைபோசோமல் புரதங்கள்: வெயில் காலத்தில எடுக்கேக்க கண்டவை

கோண்டாவில்:
சித்திரை, வைகாசியில ஆய்வுகூட அறை 33, 34 பாகைக்கு ஏறும். குளிரூட்டி இல்லாத இன்கியூபேற்றரை 30இல வைத்தாலும் அது அறைச் சூட்டுக்குக் கீழ இறங்காது. குலுக்கியின்ர மோட்டார்ச் சூடும் சேர, குடுவை 36ஐத் தொடும். அந்தச் சூட்டைத் திடீரெனக் கண்டால் மதுவம் உடனே குறைக்கிறதுகளில இறைபோசோமல் புரதங்களின்ர (கலத்தில புரதம் கட்டுற இறைபோசோமின்ர பாகங்கள்) எம்.ஆர்.என்.ஏ., அதாவது அதுகளைச் செய்யிற கட்டளையைச் சுமக்கும் ஆர்.என்.ஏ., முக்கியமானது. காரணம் செலவு. விரைவாக வளரும் கலம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 இறைபோசோம் கட்டுது. ஒவ்வொன்றிலும் 79 புரதம். கொஞ்ச நேரத்தில அளவு திரும்பவும் ஏறும். அதனால அரை மணித்தியால இடைவெளியில எடுத்த இரண்டு மாதிரியும் வேறவேற விடை தரும்.

இரவில வளர்த்தெடுங்கோ. வை.பி.டி. வளர்ப்பூடகத்தில, 30 பாகையில இரட்டிக்க 90 நிமிடமளவு பிடிக்கும். ஏற்கெனவே வளர்ந்துகொண்டிருக்கிற கலங்களை ஓ.டி. (கலங்கல் அளவு) 0.01இல இரவு 9 மணிக்கு விட்டால் ஆறு இரட்டிப்பு, காலை 6 மணிக்கு 0.6. ஓய்ந்துபோன வளர்ப்பிலிருந்து விட்டால் ஒன்றிரண்டு மணித்தியாலம் பிந்தும். வெப்பமானியைப் பெட்டிக்குள்ள சும்மா தொங்கவிடாதேங்கோ. அதேயளவு தண்ணீர் விட்ட இன்னொரு குடுவைக்குள்ள வையுங்கோ.

சுன்னாகம்:
அண்ணை சொன்ன சூட்டோட குளுக்கோசையும் கவனிக்கவேணும். குளுக்கோசில்லாத கரைசலில கலங்களைக் கழுவினால் ஒன்றிரண்டு நிமிடத்துக்குள்ள பொலிசோம் (ஒரே எம்.ஆர்.என்.ஏ.யில கோத்து நிற்கிற இறைபோசோம்கள்) குலைஞ்சு, வரைபடத்தில 80எஸ் (தனி இறைபோசோம்) உச்சி மட்டும் உயர்ந்து நிற்கும். கழுவமுதலே, இறைபோசோமை அப்படியே நிறுத்துற சைக்ளோஹெக்சிமைட்டை மில்லிலீற்றருக்கு 100 மைக்ரோகிராம்படி விட்டு ஐஸில வையுங்கோ. உடைக்கிற கரைசலிலும் அதே அளவு இருக்கவேணும். உங்கட மதுவ வகையில சி.வை.எச்.2 விகாரம் இருந்தால் இந்த மருந்து பிடிக்காது, ஏனெண்டால் அதில மாறியிருக்கிறது இறைபோசோமின்ர எல்28 புரதமேதான். வகையின்ர விவரத்தை முதலே பாருங்கோ.

உடைக்கிற கரைசல்: திரிஸ் 20 மில்லிமோலர் (பி.எச். 7.4), பொற்றாசியம் குளோரைட்டு 100, மகனீசியம் குளோரைட்டு 10. புரதச்சிதைவைத் தடுக்கப் போடும் குளிசையில ஈ.டி.ரி.ஏ. இருந்தால் அது மகனீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். மகனீசியம் போதாமல் போனால் இறைபோசோம் 40எஸ், 60எஸ் எண்ட இரண்டு பகுதிகளாகப் பிரிஞ்சுபோகும். படம் அழகாக வரும், ஆனால் பொலிசோம் இருக்காது. பலர் தடுக்கி விழுகிற இடம் இது. 10 முதல் 50 வீதம் வரையான சுக்குரோசுப் படித்திறனில (கீழ போகப்போகச் செறிவு கூடுற கரைசல்), நிமிடத்துக்கு 39,000 சுற்றில, இரண்டரை மணித்தியாலம். நடுவில கரண்ட் போனால் பட்டைகள் பரவிவிடும். திரும்பச் சுத்தி மீட்க ஏலாது. புதுக் குழாய் போடுங்கோ.

நல்லூர்:
புரதம் மட்டும் போதுமெண்டால் படித்திறன் வேண்டாம். 1 மோலர் சுக்குரோசு மெத்தையின் மேல விட்டுச் சுத்தி எடுத்த இறைபோசோமுக்குப் பத்திலொரு பங்கு 1 மோலர் மகனீசியம் குளோரைட்டு, பிறகு செறிந்த அசற்றிக் அமிலம், கனவளவில இரண்டு மடங்கு. ஐஸில ஒரு மணித்தியாலம் கலக்கினால் ஆர்.என்.ஏ. வெள்ளையாகப் படியும். மேல் நீரை ஐந்து மடங்கு குளிர்ந்த அசற்றோனில விட்டு, இரவு முழுக்க மைனஸ் 20இல வையுங்கோ. பெரும்பாலும் சிறிய, கடும் காரத்தன்மையான புரதங்கள், எனவே 15 வீத ஜெல் வேணும். புரதத்தை வெட்டுற ரிப்சின் நொதியத்தைப் போட்டால் லைசின், ஆர்ஜினின் கூடின இடங்களில துண்டங்கள் அளவுக்கு மிஞ்சிச் சிறிதாகி, மாஸ் ஸ்பெக்கில (திணிவு நிறமாலைமானி) காணாமல் போகும். லைஸ்-சி நொதியம் நல்லது.

கோண்டாவில்:
நல்லூர்த் தங்கச்சி சொன்னது சரி. ஒரு புரதத்தை நீக்கின வகையில வேலைசெய்யிறவைக்கு இன்னொன்று: 79இல 59 புரதத்துக்கு இரண்டிரண்டு பரம்பரையலகு இருக்கு. ஒன்றை நீக்கினால் மற்றதைச் சுமக்கும் நிறமூர்த்தத்தையே கலம் கூடுதலாக வைத்துக்கொள்ளக்கூடும். ஆர்.பி.எஸ்.24ஏ நீக்கின வகையில 9ஆம் நிறமூர்த்தம் கூடியிருந்தது 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது, ஆர்.பி.எஸ்.24பி அதிலதான் இருக்கு. மெதுவாக வளரவேண்டிய தட்டில திடீரெண்டு பெரிய கூட்டங்கள் தெரிஞ்சால் அதுகளை எடுக்காதேங்கோ. நீக்கின உடனேயே கிளிசரோலில உறையவைத்த ஆதிக் குழாய்க்குத் திரும்பப் போங்கோ.