மீடியன்ட்: ‘நடுப்பின்னம்’ சரிவருமா?

அனைவருக்கும் வணக்கம். இரு பின்னங்களிலிருந்து ஒரு புதிய பின்னம் உண்டாக்கும் ‘மீடியன்ட்’ (mediant) என்ற கணிதச் சொல்லுக்குத் தமிழில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அதற்கு வந்த ஒரு பரிந்துரை:

> ‘நடுப்பின்னம்’ என்றே வைத்துவிடலாமே, சட்டென்று புரியும்.

சட்டென்று புரியும், ஆனால் தவறாகப் புரியும். 1/3, 1/2 இரண்டுக்கும் சரியாக நடுவில் இருப்பது 5/12. நாம் பெயர் தேடுவது 2/5-க்கு. தொகுதிகளைக் கூட்டித் தொகுதியாகவும் பகுதிகளைக் கூட்டிப் பகுதியாகவும் வைத்தால் வருவது அது. இரண்டுக்கும் இடையில் இருக்கும், நடுவில் இருக்கவேண்டும் என்பதில்லை. தவிர, மீடியனுக்கு (median, வரிசைப்படுத்திய எண்களில் நடுவில் இருப்பது) ‘இடைநிலை அளவு’ ஏற்கெனவே பாடநூலில் இருக்கிறது. மீடியன், மீடியன்ட் குழப்பத்தைத் தமிழிலும் கொண்டுவர வேண்டுமா?

பின்னங்களைக் கூட்டச் சொன்னால் சில பிள்ளைகள் 1/3 + 1/2 = 2/5 என்று எழுதுவார்களே, அதே 2/5 தான். கூட்டல் என்று பார்த்தால் தப்பு. விடை 1/2-ஐ விடச் சின்னதாக இருப்பதே காட்டிக்கொடுத்துவிடும். ஒப்பிடும்போதுதான் அதற்கு வேலை. அதனால் ‘கூட்டுப்பின்னம்’ என்ற பரிந்துரையும் வேண்டாம். தப்பைப் பெயரிலேயே ஊன்றியதாகிவிடும்.

இடையில்தான் விழும் என்று காட்டக் குறுக்குப் பெருக்கல் போதும். பகுதிகள் மிகை எண்கள் என்று கொள்வோம். அ/ஆ < இ/ஈ என்றால் அ×ஈ < ஆ×இ. இருபுறமும் அ×ஆ கூட்டினால் அ×(ஆ+ஈ) < ஆ×(அ+இ). அதாவது அ/ஆ < (அ+இ)/(ஆ+ஈ). இ×ஈ கூட்டினால் மறுபாதியும் வந்துவிடும்.

வரையறையில்தான் ஒரு சிக்கல். 1/2-ஐ 2/4 என்று எழுதிவிட்டால் 2/5-க்குப் பதில் 3/7 வருகிறது. மதிப்பு மாறவில்லை, முடிவு மாறிவிட்டது. ஆகவே ‘எளிய வடிவில் உள்ள இரு பின்னங்களின்’ என்ற அடை இல்லாமல் வரையறை நிற்காது.

என் பரிந்துரை ‘இடைச்சேர்வு’. இடையும் இருக்கிறது, சேர்ப்பதும் இருக்கிறது, கூட்டல் என்ற சொல் இல்லை. வாக்கியத்திலும் உட்காருகிறது: “0/1, 1/3, 1/2, 2/3, 1/1 என்ற ஃபேரி வரிசையில் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பின்னமும் தன் இருபக்கப் பின்னங்களின் இடைச்சேர்வு.” (0 முதல் 1 வரை, பகுதி ஓர் எல்லையைத் தாண்டாத எளிய பின்னங்களை ஏறுவரிசையில் அடுக்கினால் அது ஃபேரி வரிசை; இங்கே எல்லை 3. 1/2-க்கு 3/6 வரும், சுருக்கிக்கொள்ள வேண்டும்.) 1816-இல் ஜான் ஃபேரி கவனித்துச் சொன்னது இதைத்தான், நிரூபித்தவர் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கோஷி.

‘இடைச்செருகல்’ காதில் விழுகிறது என்று தடை வந்தால், ‘சேரிடைப் பின்னம்’ என்று ஒன்றும் வைத்திருக்கிறேன். எனக்கே அது நாக்கில் புரளவில்லை.