வியாசர்பாடி கானா மேடையை லோக்கல் எஃப்எம்ல கொண்டுவர முடியுமா?

கேள்வி:
80 பேர் உட்காரும் சின்ன ஹால். சனிக்கிழமை கானா, சட்டி மேளம். தனியார் எஃப்எம்ல சினிமாப் பாட்டுதான். நாமே சமூக வானொலி தொடங்கலாமா? இன்னொண்ணு, மிக்சர்ல இருந்து ரெக்கார்ட் பண்ணா குரல் மட்டும்தான், டோலக்கே காணோம்.

பதில் 1:
தனிநபருக்கும் கம்பெனிக்கும் லைசென்ஸ் கிடையாது. லாப நோக்கமில்லாத அமைப்பா பதிவாகி 3 வருஷமாவது ஆகியிருக்கணும். ஆன்டெனாவிலிருந்து வெளியேறும் திறன் பொதுவா 100 வாட்தான், உயரம் 30 மீட்டருக்கு மேல போகக்கூடாது. சுத்தி கட்டடம் நெருக்கமா இருந்தா எட்டுற தூரம் இன்னும் குறையும். அதனால முதல்ல ஏற்கெனவே ஓடுற நிலையத்துக்கு நிகழ்ச்சி தயாரிச்சுக் கொடுங்க. கிண்டியில அண்ணா எஃப்எம் 90.4 மாதிரி கேம்பஸ் நிலையங்கள் இருக்கு. சமூக வானொலியில பாதி நிகழ்ச்சியாவது உள்ளூர்ல தயாரானதா இருக்கணும்னு விதி, உங்களுக்கு அது சாதகம். ஆனா அந்த நிலையம் உங்க தெருவுல எடுக்குதான்னு சாதா ரேடியோ வச்சுப் பார்த்துடுங்க.

பதில் 2:
டோலக் காணாமப் போறதுக்குக் காரணம் ஹால்தான். சின்ன இடத்துல மேளம் தானாவே கேக்கும், மிக்சர்ல அதைக் குறைச்சே வைப்பாங்க. ஸ்பீக்கருக்குப் போற மெயின் அவுட்டை விட்டுட்டு ஆக்ஸ்ல (மிக்சரோட துணை அவுட்) தனி மிக்ஸ் எடுங்க, ப்ரீ-ஃபேடர்ல, அதாவது ஹால் வால்யூமை ஏத்தி இறக்கினாலும் ரெக்கார்டிங் மாறாத மாதிரி. டோலக்கோட தொப்பிப் பக்கம் (கனமான ஓசை வர்ற பக்கம்) ஒரு சாண் தள்ளி ஒரு மைக். ஹாலுக்கு ரெண்டு மைக் தனி டிராக்ல, ஆனா ஃபேனுக்குக் கீழ வேணாம்! ஹால் மைக் மேடையிலிருந்து எத்தனை மீட்டரோ, மீட்டருக்கு 3 மில்லிசெகண்ட் அந்த டிராக்கை முன்னால நகர்த்துங்க, இல்லன்னா குரல் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கும். ரெக்கார்டர் மீட்டர்ல சத்தத்தோட உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தாண்டக்கூடாது. கடைசியா மோனோவுல (இடது, வலது ரெண்டையும் ஒண்ணாக்கி) கேளுங்க.

பதில் 3:
சினிமா மெட்டுல கட்டின கானாவை அனுப்பாதீங்க, உரிமைப் பிரச்சினை வரும். சொந்த மெட்டு மட்டும், பாடினவர் கையெழுத்தோட.