நந்தனார் நாடகம் எந்தக் காலத்த காட்டுது?

சிப்புட்காரி:
வணக்கம். எங்க தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு இந்த வருசம் நந்தனார் நாடகம் போடுறோம், ஸ்கிரிப்ட் என் பொறுப்பு. நாடகம்னா எழுதுன காலத்து சமுதாயத்த காட்டும்னு காலேஜ்ல படிச்சேன், ஆனா இந்தக் கதை 12ஆம் நூற்றாண்டு பெரியபுராணத்துலயே இருக்கு, கோபாலகிருஷ்ண பாரதியார் கீர்த்தனையா எழுதுனது 19ஆம் நூற்றாண்டுல, நாங்க ஆடப்போறது மலேசியாவுல, சுங்கை சிப்புட்ல செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல. இதுல எந்த சமுதாயத்தப் பாக்குறது? கடைசில நெருப்புல எறங்குற சீன தூக்கிடலாம்னு பசங்க வேற சொல்றாங்க.

பழைய வாத்தியார்:
பெரியபுராணம், கீர்த்தனை ரெண்டையும் பக்கத்துல வச்சிப் பாரும்மா, பாரதியார் எத சேத்தாருன்னு தெரியும். பெரியபுராணம் எழுதுன சேக்கிழார் கதைல நந்தனத் தடுக்க ஆண்டையே கெடையாது. தில்லைக்கு, அதான் சிதம்பரம் கோயிலுக்கு, போக ஆசை, ஆனா கோயிலுக்குள்ள விடாத தன் குலத்த நெனச்சி அவரே தயங்கி நாளைக்குப் போறேன் நாளைக்குப் போறேன்னு தள்ளுறாரு, அதான் திருநாளைப்போவார்னு பேரு. பாரதியார்தான் வேதியர்னு ஒரு ஆண்டைய கொண்டாறாரு, 40 வேலி நெலத்து வேலைய முடிச்சிட்டுப் போடான்னு சொல்ற ஆண்டை. பாரதியார் தஞ்சாவூர் சீமைக்காரரு, பண்ணையாளுங்க பொழப்ப கண்ணால பாத்தவரு. அதே 'நாளைக்கு'தான், அங்க அவரு மனசு தடுக்குது, இங்க மொதலாளி தடுக்குறான். 19ஆம் நூற்றாண்ட அங்க தேடு.

பால்மரத்து பேரன்:
வாத்தியார் சொல்றது சரி, ஆனா பாக்குறவங்க காலமும் மேடை ஏறிடுது. எங்க தாத்தா இளவட்டமா இருந்தப்ப காலைல ஆளுங்கள வரிசையா நிக்க வச்சி பேர் கூப்புடுற பெரட்டுக்களத்துல கேஸ் லைட்டு மாட்டி இதே நாடகத்த ஆடிருக்காங்க, ஆண்டையா வந்தவரு பூணூலும் போட்டுக்கிட்டு கக்கத்துல, தோட்டத்து கணக்குப்புள்ள கிராணி ஆள் வரவு பதிய வச்சிருக்குற செக்ரோல் புக்கு மாதிரி ஒன்னயும் வச்சிக்கிட்டு வந்தாராம். நந்தன் கைகட்டி உத்தரவு கேட்டு நிக்கிறப்ப பதிலே சொல்லாம புக்க பொரட்டிக்கிட்டே இருப்பாராம், பொம்பளைங்க பக்கம் ஒரே அழுகையாம். இத சொல்றப்ப தாத்தாவுக்கு கொரலே கம்மிடும், ஏன்னா அவங்க அம்மா செத்த சேதி வந்து ஒரு நாள் லீவு கேட்டு ஆபிஸ் வாசல்ல அவரும் அப்படித்தான் நின்னாரு. சிதம்பரம் எந்தப் பக்கம்னு அங்க பாதி பேருக்குத் தெரியாது, உத்தரவுன்னா என்னன்னு எல்லாருக்கும் தெரியும்லா.

பினாங்கு கலா:
நெருப்பு சீன எடுக்காதீங்க தங்கச்சி. எனக்கும் அது உறுத்துது, நெருப்புல எறங்கி வேற உருவமா வந்தாதான் கோயிலுக்குள்ள விடுவாங்கன்னா என்ன நியாயம். ஆனா ஆண்டைய அவ்ளோ தூரம் காட்டுன பாரதியாரே அத மாத்தலைன்னா அந்தக் காலம் எவ்ளோ இறுக்கமா இருந்திருக்கும் பாருங்க, அத வெட்டுனா அந்த இறுக்கத்தையே மறைச்சதா ஆயிடும். சாமி கதைய விட்டுட்டு நேரா பேசுனா என்ன ஆகும்னா, வங்காளத்துல தீனபந்து மித்ரா 1860ல நீல் தர்ப்பண்னு எழுதுனாரு, அவுரித் தோட்டத்து வெள்ளக்காரனுங்க செஞ்ச கொடுமை. அத இங்கிலீஷ்ல அச்சுப்போட்டதுக்கு பாதிரியார் ஜேம்ஸ் லாங்குக்கு ஒரு மாசம் ஜெயில், 1000 ரூபா அபராதம். 1876ல நாடகங்கள தடுக்கவே தனிச் சட்டம் வந்துச்சி.

சிப்புட்காரி:
ரொம்ப நன்றி, நெருப்பு சீன் இருக்கட்டும்னு பசங்ககிட்ட சொல்லிடுறேன். அண்ணே, அந்த செக்ரோல் புக்க எங்க நாடகத்துலயும் வச்சிக்கலாமா? எங்க பாட்டி முப்பது வருசம் ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க, நீங்க எழுதுனத வாசிச்சிக் காட்டுனேன், கொஞ்ச நேரம் பேசவே இல்ல. அப்புறம், கிராணி பென்சில காதுல சொருகிருப்பான், அதையும் வைன்னாங்க.