ஒரு கிலோமீட்டர் மிச்சம்

குளிர்காலத்தில் நானும் நண்பனும் மலை ஏறியது அதுதான் முதல் முறை. முந்தைய இரவு தொலைபேசியில் பேசியதில் பாதி, இறங்கியதும் எங்கே சாப்பிடுவது என்பதைப் பற்றித்தான். அடிவாரத்தில் சின்ன உணவகம் ஒன்று உண்டு, மாலை ஐந்து மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள் என்று அவன் விசாரித்து வைத்திருந்தான். என்ன உடுத்துவது என்று மட்டும் விசாரிக்கவில்லை.

நேரக் கணக்கு என் பொறுப்பு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் சொன்ன பழைய கணக்கு ஒன்று இருக்கிறது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எங்களுக்குப் போக வர 14 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர். நாலேகால் மணி நேரம் என்று வந்தது. ஒன்பதரைக்குக் கிளம்பினால் இரண்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் இருக்கலாம் என்று பெருமையாகச் சொன்னேன். அந்தக் கணக்கில் பனிக்கட்டி கிடையாது என்பது வெயில் படாத முதல் வளைவிலேயே தெரிந்துவிட்டது. கண்ணாடிபோல் உறைந்த பாதையில் ஒவ்வோர் அடியையும் ஊன்றிப் பார்த்துத்தான் வைக்க வேண்டியிருந்தது.

அடிவாரத்திலேயே பூஜ்ஜியம் டிகிரி. ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி குறையும், காற்று வேறு. ஏறும்போது நண்பன் வியர்த்துக் கொட்டினான். உள்ளே போட்டிருந்தது பருத்திச் சட்டை, 'பழகிய சட்டை' என்று பிடிவாதம். பருத்தி நனைந்தால் எளிதில் காயாது, உடம்புச் சூட்டையும் உறிஞ்சிவிடும். மரங்கள் முடிந்து காற்று முகத்தில் அடித்த இடத்தில் தண்ணீர் குடிக்க நின்றோம். பாட்டிலின் வாய் உறைந்திருந்தது. பாட்டிலைக் கவிழ்த்து வைத்திருக்க வேண்டும். மேற்பக்கம்தானே முதலில் உறையும். இது தெரிந்தும் நான் செய்யவில்லை. மணி பார்க்கத் தொலைபேசியை எடுத்தால், நாற்பது சதவீதம் சார்ஜ் இருந்தும் குளிரில் அணைந்து கிடந்தது. உள்சட்டைப் பையில் போட்டு உடம்போடு அணைத்து வைத்த பிறகுதான் உயிர் வந்தது. ஒன்றரை மணி.

"இன்னும் ஒரு கிலோமீட்டர்தானே" என்றேன். அவன் பதில் சொல்லவில்லை. வாயாடி அவன், பேசாமல் நின்றதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. பையின் ஜிப்பைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தான், விரல்கள் வழுக்கிக்கொண்டே இருந்தன. என் மாற்றுக் கம்பளிச் சட்டையை எடுத்து, காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கவைத்து, குழந்தைக்கு மாட்டுவதுபோல் மாட்டிவிட்டேன். அப்போதுதான் வாய் திறந்தான்: "ஐந்து மணிக்கு அடுப்பை அணைத்துவிடுவார்கள்."

திரும்பினோம். உச்சியைப் பார்க்காமல் இறங்குவது எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நாலேகாலுக்கு உணவகக் கதவைத் தள்ளியதும் என் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து ஒன்றும் தெரியவில்லை. சூப் வாசனையைப் பிடித்துக்கொண்டே மேசையைத் தேடினேன். கிண்ணத்தைப் பற்றிய விரல்களில் சூடு ஏற ஏற ஊசி குத்துவதுபோல் வலித்தது. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தோம். முதல் கிண்ணம் எப்படிக் காலியானது என்றே தெரியாது. இரண்டாவதில்தான் மிளகு இருப்பது நாக்குக்குத் தெரிந்தது. மூன்றாவது கேட்டபோது பரிமாறிய அம்மாள் எங்கள் பூட்ஸைப் பார்த்துவிட்டு, கேட்காமலே ரொட்டியும் கொண்டுவந்து வைத்தார்.

அந்தப் பருத்திச் சட்டையை அடுப்போரம் இருந்த நாற்காலியில் காயப்போட்டவன், கிளம்பும்போது அங்கேயே மறந்துவிட்டான். என் கம்பளிச் சட்டையை மட்டும் இன்று வரை திருப்பித் தரவில்லை.