4,600 கிலோமீட்டரும் நடுவுல நிக்கிற 32 ஸ்டேஷனும்

கோட்டைக்காரன்:
நேத்து காட்பாடியார் அள்ளி விட்டது இது: "சீனாக்காரன் 2021-லயே ஃபைபரையும் செயற்கைக்கோளையும் சேர்த்து 4,600 கி.மீ. தூரத்துக்கு குவாண்டம் சாவி (செய்தியைப் பூட்டித் திறக்கிற ரகசிய எண், ஒத்தை ஒத்தை ஒளித்துகளா அனுப்புறது) குடுத்துட்டான், நடுவுல ஒருத்தனும் எட்டிப் பாக்க முடியாது." முதல் பாதி சரி. ரெண்டாவது பாதி டூப்பு. பெய்ஜிங்–ஷாங்காய் ஃபைபர் வழியில மட்டும் 32 ஸ்டேஷன், சாவியை வாங்கி அடுத்ததுக்குக் கைமாத்துற இடம். ஒவ்வொண்ணுலயும் சாவி வெளிப்படையா கிடக்கும். உள்ள உக்காந்திருக்கிறவன் பாக்கலாம்.

காட்பாடி ஜங்ஷன்:
வந்துட்டாருப்பா வாத்தியார். ஃபோட்டானை, அதான் அந்த ஒளித்துகளை, வழியில தொட்டாலே நிலை கலையும், பிழை ஏறும், திருடன் மாட்டுவான். இந்த முறையைக் கண்டுபிடிச்ச பென்னட்டும் பிரசாரும் 1984-ல சொன்னது. படிச்சுட்டு வாங்க.

கோட்டைக்காரன்:
அது ஃபைபர்ல கை வைக்கிறவனுக்கு. நான் கேக்கறது ஸ்டேஷன். 32.

காட்பாடி ஜங்ஷன்:
ஸ்டேஷன் இல்லாம எப்படிங்க? 100 கி.மீ. ஃபைபர்ல நூத்துக்கு ஒரு ஃபோட்டான்தான் கரை சேரும். ஆம்ப்ளிஃபையர் வெச்சுப் பெருக்கவும் முடியாது, அதுவும் ஃபோட்டானைத் தொடற மாதிரிதான்.

கோட்டைக்காரன்:
அதான் சொல்றேன். சாவியைக் காப்பாத்துறது இயற்பியல் இல்ல, அந்த 32 கதவுல தொங்குற பூட்டு. செயற்கைக்கோளும் அதுல இன்னொரு ஸ்டேஷன்தான், மேல பறக்குது, அவ்ளோதான்.

காட்பாடி ஜங்ஷன்:
2020-ல அதே சீன செயற்கைக்கோள், மிசியஸ்னு பேரு, அதுகிட்ட சாவியைக் காட்டாமலே, அதை நம்பாமலே 1,120 கி.மீ. சாவி எடுத்தாங்களே, அது கண்ல படலையா?

கோட்டைக்காரன்:
பட்டுது. வேகம் நொடிக்கு 0.12 பிட். ஒரு எழுத்து அனுப்ப ஒரு நிமிஷத்துக்கு மேல ஆவும். நீங்க பீத்துன 4,600-ல 32 இருக்கா இல்லையா?

ஆற்காட்டான்:
இன்னாபா சண்டை? ஆற்காட்லேர்ந்து ராணிப்பேட்டைக்கு பாலாத்து மேல லேசர் வுடு, மிச்சம் சென்னை வரைக்கும் ஃபைபர். குறுக்க தண்ணி கூட கிடையாது.

கோட்டைக்காரன்:
மத்தியானம் அந்த மணல் மேல கானல் ஆடறதைப் பாத்திருக்கியா? எதிர்க்கரை கட்டடமே நெளியும், இதுல ஒத்தை ஃபோட்டான் நேரா போவுமா? அகமதாபாத்ல இஸ்ரோ 300 மீட்டர் காட்டினதே ராத்திரியில, வெயில் தொல்லைக்குப் பயந்து. ஆனா பேச்சை மாத்தாதீங்க. 32.

காட்பாடி ஜங்ஷன்:
போன வருஷம் யுபிஐ பத்தி பேசினப்பவும் இப்படித்தான் ஒரே நம்பரைப் புடிச்சு தொங்குனாரு. வேலூர்க்காரங்களுக்கே இந்த வியாதி.

ஆற்காட்டான்:
ஹலோ, நாங்க 2019-லயே வேலூர்லேர்ந்து ராணிப்பேட்டை மாவட்டமா பிரிஞ்சு வந்துட்டோம். எங்களைச் சேக்காத.

கோட்டைக்காரன்:
பிரிஞ்சும் ஆஸ்பத்திரிக்கு இங்கதானே வர்றீங்க.

ஆற்காட்டான்:
நீ பிரியாணிக்கு இங்க வர்றல்ல?

காட்பாடி ஜங்ஷன்:
பாத்தீங்களா, பதில் இல்லன்னதும் பிரியாணி.

கோட்டைக்காரன்:
பிரியாணியை இழுத்தது நான் இல்ல. மேல ஏறிப் பாருங்க. அப்படியே 32-க்கும் பதிலைப் போடுங்க.