மாருதி 800: ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட் வீட்டிலேயே மாற்றலாமா?

மலையேறி:
வணக்கம். 2006 மாடல் மாருதி 800, ஏசி வண்டி. ஊருக்குள் ஓட்டும்போது ஒன்றும் தெரியவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது, பர்லியார் வருவதற்குள் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டிவிடுகிறது, ஏசியை அணைத்து ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டால் மெதுவாக இறங்குகிறது. வண்டி ஆறியிருந்தபோது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் செங்கல் நிறம். மேல் ஹோஸ் கிளாம்ப் பக்கம் உப்பியிருக்கிறது. ரேடியேட்டர், இரண்டு ஹோஸ், மூடி, தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானால் திறக்கும் வால்வு) எல்லாவற்றையும் ஞாயிற்றுக்கிழமை நானே மாற்றலாம் என்று யோசனை. ஆயில், பிளக் மாற்றுவதெல்லாம் எப்போதும் நான்தான். பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணன் "நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதுக்கு, கழற்றித் தூக்கிப் போடுங்க" என்கிறார். கழற்றிவிடலாமா? வாட்டர் பம்ப்பையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

பழைய இரும்பு:
தெர்மோஸ்டாட்டைக் கழற்றாதீர்கள், தயவுசெய்து. கார்புரேட்டர் காலத்தில் அப்படிச் செய்து ஓட்டினார்கள், வண்டியும் ஓடியது, அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்களுடையது எம்பிஎஃப்ஐ, அதாவது கணினி கணக்குப் பார்த்துப் பெட்ரோலைத் தெளிக்கிற இன்ஜின். தண்ணீர் சூடாகவில்லை என்று சென்சார் சொன்னால் ஈசிஎம் (அந்தக் கணினி) இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டே இருக்கும். மைலேஜ் போகும், ஆயிலில் நீர்ச்சத்து ஆவியாகாமல் சேறு சேரும். மலையில் சூடாவதை அது சரிசெய்யவும் செய்யாது, ஏனென்றால் ஒழுங்காகத் திறக்கிற தெர்மோஸ்டாட் சூட்டில் முழுசாகத்தான் திறந்திருக்கும். திறக்கவில்லை என்று சந்தேகம் இருந்தால் கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். எத்தனை டிகிரியில் திறக்கும் என்று அதன் மேலேயே அடித்திருக்கும். கொதிக்கிற தண்ணீரிலும் வாய் திறக்காவிட்டால் அதுதான் குற்றவாளி.

ஹீட்டரைத் திறந்தால் முள் இறங்குகிறது என்றீர்களே, அது நல்ல தகவல். பம்ப் தண்ணீரைத் தள்ளுகிறது, வெப்பம் வெளியேறத்தான் வழி போதவில்லை என்று அர்த்தம். தண்ணீர் நிறத்தையும் சேர்த்துப் பார்த்தால் ரேடியேட்டர் உள்ளே துருவும் உப்பும் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பொருள் வாங்குவதற்கு முன் ஃபேனைப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் வண்டி இரண்டாம் கியரில் ஊர்கிறது, காற்று கிடைப்பதே இல்லை, ஃபேன்தான் எல்லாம். நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டு ஃபேன் தானாகச் சுற்றுகிறதா என்று பார்க்கலாம். சுற்றாவிட்டால் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராக வயர் கொடுத்துப் பாருங்கள், மோட்டார் கெட்டதா சென்சார், ரிலே பக்கமா என்று தெரிந்துவிடும்.

பம்ப்: அடியில் ஒழுகின கறை இல்லை, பெல்ட்டைத் தளர்த்திப் புல்லியை ஆட்டினால் ஆட்டமும் இல்லை என்றால் விட்டுவிடுங்கள். அதைக் கழற்றப் போனால் டைமிங் பெல்ட் வரை கை போகும். டைமிங் பெல்ட் மாற்றும்போது சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்.

ஸ்பேனர் 10:
வேலையைப் பற்றிச் சொல்கிறேன். முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள், ஃபேன் எதிர்பாராமல் சுற்றினால் விரல் போய்விடும். பழைய ஹோஸை முறுக்கி இழுக்காதீர்கள், பிளேடால் நீளவாக்கில் கீறி உரித்து எடுங்கள், எப்படியும் தூக்கிப் போடப் போகிற ஹோஸ். கஷ்டமான இடம் தெர்மோஸ்டாட் ஹவுசிங் போல்ட். அலுமினியத்தில் இரும்பு போல்ட், இத்தனை வருடம் துருத் தண்ணீர். முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்து வையுங்கள். அசையவில்லை என்றால் பலம் காட்டாமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, திரும்ப ஸ்ப்ரே. தலை முறிந்தால் லேத்துக்குத்தான் போக வேண்டும். பழைய பேக்கிங்கைச் சுரண்டும்போது அலுமினியத்தில் கோடு விழக் கூடாது.

ரேடியேட்டர் வெளியே இருக்கும்போதே, தெர்மோஸ்டாட்டைப் போடுவதற்கு முன், தோட்டத்து ஹோஸை வைத்து இன்ஜின் பிளாக்கின் உள்ளே கழுவுங்கள். தண்ணீர் தெளியும் வரை. இதை விட்டுவிட்டால் பழைய துரு புது ரேடியேட்டரில் போய் உட்காரும். மூடி வாங்கும்போது பழையதில் உள்ள எண்ணையே பார்த்து வாங்குங்கள். மூடி 0.9 பார் அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே 118 டிகிரி வரை கொதிக்காது, ஸ்பிரிங் செத்த மூடியில் 100-லேயே கொதித்து ரிசர்வ் டேங்கில் பொங்கும்.

நிரப்பும்போது வண்டி மூக்கு மேடாக இருக்கட்டும், ஹீட்டர் முழுச் சூட்டில். மெதுவாக ஊற்றி, மூடி இல்லாமல் ஐடிலில் விட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்குங்கள். ஹோஸ் சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது, மட்டம் இறங்கும், இன்னும் ஊற்றுங்கள். குமிழி நின்று ஃபேன் ஒரு சுற்று ஓடினதும் மூடலாம். மறுநாள் காலையில் மட்டம் பாருங்கள். குமிழி நிற்கவே இல்லை என்றால் அது காற்று இல்லை, ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே உள்ள பேக்கிங்) சந்தேகம்.

ஊட்டிக் குளிர்:
ஒரு சின்ன மாறுபாடு. கடையில் கூலன்ட்டும் தண்ணீரும் 50:50 கலக்கச் சொல்வார்கள். நம் பக்கம் 30 சதவீதம் கூலன்ட் தாராளமாகப் போதும், தண்ணீர்தான் வெப்பத்தை அதிகம் சுமக்கும், கூலன்ட் முக்கியமாகத் துருவைத் தடுக்கத்தான். ஜனவரியில் ஊட்டி உறைபனியில் ராத்திரி நிறுத்தினாலும் அது தாங்கும். கலக்குகிற தண்ணீர் மட்டும் டிஸ்டில்டு, போர்வெல் தண்ணீர் ஒரு சொட்டுகூட வேண்டாம். வடித்த கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள், இனிப்பாக இருக்கும், நாய் நக்கினால் செத்துப்போகும்.

மலையேறி:
ஃபேன் பார்த்தேன், சுற்றுகிறது. அப்போ ரேடியேட்டர்தான். ரெடிமிக்ஸ் கூலன்ட் ஒரு கேன் வீட்டில் ஏற்கெனவே கிடக்கிறது, அதில் தண்ணீர் சேர்க்க வேண்டுமா?

ஊட்டிக் குளிர்:
வேண்டாம், ரெடிமிக்ஸில் தண்ணீர் ஏற்கெனவே கலந்திருக்கும், அப்படியே ஊற்றுங்கள். கழுவின தண்ணீரும் பிளாக்கில் கொஞ்சம் நின்று அதோடு கலந்துவிடும். கழுவி முடித்ததும் கடைசி முறை மட்டும் டிஸ்டில்டு விட்டு அலசி வடித்துவிடுங்கள்.