பிப்பெட் பிடித்த செய்தியாளர்கள்: உங்கள் ஆய்வக அனுபவம்?

நான் ஆரம்பித்து வைக்கிறேன். டிஎன்ஏவைப் பிரதியெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறை பற்றிப் பல வருடம் எழுதியிருக்கிறேன். 95 டிகிரி செல்சியஸில் டிஎன்ஏ இழைகள் பிரியும், சூடு தணிந்ததும் பிரைமர் என்ற சின்ன டிஎன்ஏ துண்டு ஒட்டும், 72 டிகிரியில் புது இழை வளரும். ஏட்டுக் கணக்கில் 30 சுற்றில் ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டும். எல்லாம் அத்துப்படி. ஆனால் 2 மைக்ரோலிட்டர் துளியைக் குழாய்க்குள் விடுவது என்ன பாடு என்று செய்தியாளர்களுக்கான ஆய்வகப் பயிற்சிக்குப் போனபோதுதான் தெரிந்தது. துளியை அளந்து எடுக்கும் பிப்பெட்டின் பொத்தானை முதல் நிறுத்தம்வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், இரண்டாவதுவரை அழுத்தி வெளியேற்ற வேண்டும். விரலுக்கு அது பழக நேரம் பிடிக்கிறது.

அப்புறம் ஜெல் ஓட்டினோம், அதாவது கூழ்ப் பாளத்தில் மின்சாரம் செலுத்தி டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரித்தோம். டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம் என்பதால் நேர்முனை நோக்கி நகரும். சின்னத் துண்டு முந்தும். மாதிரிகளில் பட்டைகள் அழகாக வந்தன. ஆனால் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்காக டிஎன்ஏவே போடாமல் வெறும் தண்ணீர் விட்ட கண்ட்ரோலிலும் ஒரு பட்டை! எங்கோ கலப்படம், எந்தப் புட்டியில் என்று யாருக்கும் தெரியவில்லை. பயிற்றுநர் அலட்டிக்கொள்ளவே இல்லை. "எல்லாத்தையும் கொட்டிட்டுப் புதுக் கரைசலோட ஆரம்பிங்க" என்றார். நல்லா வந்ததையுமா என்று ஒருவர் இழுத்தார். "அது நல்லதுன்னு எப்படித் தெரியும்?"

இப்போது ஆய்வாளர்களிடம் பேசினால், கண்ட்ரோல் என்ன வைத்தீர்கள் என்று கட்டாயம் கேட்கிறேன். சிலர் உற்சாகமாகிவிடுகிறார்கள். ஒருவர் எரிச்சல்பட்டார், அதுவும் ஒரு தகவல்தானே.

---

எனக்கு ஜெல்லைவிட மைக்ராஸ்கோப்தான் பிடித்தது. கடல் முள்ளெலி என்ற முள்பந்து போன்ற கடலுயிரியின் முட்டைகளோடு விந்தைச் சேர்த்த ஒரு நிமிடம் போல ஆனதும், ஒவ்வொரு முட்டையைச் சுற்றியும் ஒரு வளையம் எழும்புகிறது, இன்னொரு விந்தணு நுழையாதபடி. முட்டை இரண்டாகப் பிளப்பதைப் பார்க்க ஒரு மணி நேரத்துக்கும் மேல் உட்கார வேண்டும். உட்கார்ந்தோம்.

பிரிட்டிஷ் உயிரியலாளர் டிம் ஹன்ட் 1982இல் அமெரிக்காவின் வுட்ஸ் ஹோலில் கடல் முள்ளெலி முட்டைகளில்தான், செல் பிளவைக் கட்டுப்படுத்தும் புரதமான சைக்ளினைக் கண்டுபிடித்தார். 2001இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. மற்ற புரதங்கள் கூடிக்கொண்டே போக, ஒன்று மட்டும் பிளவு நேரத்தில் மறைவது ஜெல்லில் தெரிந்தது. (சரி, ஜெல்லுக்கும் மரியாதை கொடுத்துவிடுகிறேன்.) அதற்குச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சலிப்பை நான் எந்தக் கட்டுரையிலும் எழுதியதில்லை.

பயிற்சி நடத்துபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விரிவுரையைக் குறையுங்கள், காத்திருப்பைக் குறைக்காதீர்கள். சமையல் நிகழ்ச்சி மாதிரி, முன்கூட்டியே தயாரித்த தட்டை எடுத்து நீட்டினால் எங்களுக்கு என்ன விளங்கும்?